ஒரு ஆளில் நிற்கிற செயலி

"இந்தத் திட்டம் ஒரே ஒரு ஆளில் நிற்கிறது. அவர் விலகினால் திட்டமும் நின்றுவிடும்."

எங்கள் செயலியைப் பற்றி ஒரு ஏஐ உதவியாளர் என்னிடம் சொன்னது இது. அந்த ஒரு ஆள் நான்தான். இதைக் கேட்டு எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் வர அப்படியொன்றும் பெரிய காரணம் தேவையில்லை என்பது எங்கள் வீட்டார் அபிப்பிராயம். இந்த முறை காரணம் பெரிதாகவே இருந்தது. அந்த வாக்கியத்தை நம்பினால் எங்கள் செயலியை மூடிவிடக்கூடிய ஆட்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

செயலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு திருகோணமலை உள்துறைமுக வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கிறது. என் கணவர் படகு இஞ்சின் திருத்துபவர். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் எந்த நேரமும் ஏதாவது ஒரு இஞ்சின் இருமிக்கொண்டிருக்கும். நான் கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே சோதனை வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பது என் தொழில். தொழிலுக்கும் குணத்துக்கும் இவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம் என்று கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அவருடைய தங்கை, என் மச்சாள் (நானும் அவளுக்கு மச்சாள்தான்), சல்லியில் கலியாணம் கட்டிப் போனவள். அவளுடைய புருஷன் கடலுக்குப் போகிறவர். கலியாணத்துக்கு முன்பே கணினியில் டிப்ளோமா முடித்தவள், வாயும் கையும் சும்மா இருக்காதவள். ஒரு நாள் காலையில் தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் உள்ள வானிலைச் செயலிகள் அத்தனையையும் திட்டித் தீர்த்தாள். ஒன்று ஆங்கிலத்தில் சொல்கிறது, ஒன்று திருகோணமலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறது, இருட்டில் படகைத் தள்ளுகிற மனுசன் கண்ணாடியைத் தேடிப் போட்டு அதை வாசித்துக்கொண்டு நிற்பதா என்று கேட்டாள். பிறகு, நாங்களே ஒன்று செய்தால் என்ன என்றாள்.

செய்தோம். சல்லி, நிலாவெளி, புல்மோட்டை, தெற்கே வெருகல் வரைக்கும் ஒவ்வொரு கரைக்கும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அலை எவ்வளவு உயரம் என்று விடியற்காலையில் தமிழில் வாயால் சொல்கிற செயலி அது. வாய் மச்சாளுடையது. தென்மேற்குப் பருவக்காற்று என்று நான் எழுதிக் கொடுத்ததை அவள் வாசிக்க மறுத்துவிட்டாள். கச்சான் என்றால்தான் கரையில் இருப்பவனுக்கு விளங்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டாள். வீட்டிலும் இவளுடைய குரல், கடலிலும் இவளுடைய குரல், தான் எங்கேதான் போவது என்று அவளுடைய புருஷன் என் கணவரிடம் அழுவாராம். ஆனால் அந்தக் குரலைக் கேட்காமல் அவர் படகைத் தள்ளியதில்லை.

வரைபடமும் தரவுகளும் புல்மோட்டை நானாவின் பொறுப்பு. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவது. கனிய மணல் வேலைத்தலத்தில் மின் பகுதியில் இருக்கிறவர். அவருடைய தம்பிமார் கடல் தொழில் செய்கிறார்கள். எங்கள் செயலியில் ஒரு நாள் புல்மோட்டைக் கரை நிலத்துக்குள் இரண்டு கிலோமீற்றர் தள்ளிக் கிடந்ததைக் கண்டு, அதைத் திருத்தி அனுப்பியதால் எங்களோடு சேர்ந்தவர். இது ஓப்பன் சோர்ஸ் திட்டம். எழுதியது எல்லாம் எல்லோருக்கும் திறந்து கிடக்கும், எவரும் பார்க்கலாம், எடுக்கலாம், திருத்தலாம். என் கணவரும் இதில் ஒரு ஆள்தான். இஞ்சின் சத்தத்துக்கு மேலே மச்சாளின் குரல் கேட்கும்படி செய்தவர் அவர். கொட்டகையில் இஞ்சினை ஓடவிட்டு, கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்து அந்த அளவைக் கண்டுபிடித்தார். ஒழுங்கையே அந்தக் கிழமை காது பொத்திக்கொண்டு திரிந்தது.

செயலியைக் கட்டி வெளியே விடுவதற்கு வேண்டிய கருவிகள் எல்லாம் எங்கள் முன்னறைக் கணினியில்தான் இருந்தன. அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் எல்லோரும் எங்கள் வீட்டில். மச்சாள் மீனோடு பஸ்ஸில் வந்து இறங்குவாள். என் கறியில் அவளுக்கு நம்பிக்கை இல்லாததால் நேரே குசினிக்குள் போய்விடுவாள். நானா மோட்டார் சைக்கிளில் வருவார். ஒருவர் எழுந்தால் மற்றவர் அந்தக் கதிரையில் உட்காருவார். மச்சாள் குழம்பைக் கூட்டி அடுப்பில் வைத்துவிட்டு, அது கொதிக்கிற இடைவெளியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு மூன்று திருத்தம் செய்துவிட்டுப் போவாள். சோறு வடிகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம். இப்படி ஆர் செய்தாலும் கணினி என்னுடையது என்பதால் ஒவ்வொரு மாற்றமும் என் பெயரில்தான் வெளியே போனது.

இது எங்களில் ஒருவருக்கும் பிழையாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா அப்படித்தான் நடக்கும். இன்றைய உபயம் இன்னார் குடும்பம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெயர்தான் சொல்லுவார்கள். தேங்காய் துருவுவது, மாலை கட்டுவது, அன்னதானத்துக்குக் கிடாரம் தூக்குவது எல்லாம் தெருவே சேர்ந்து செய்யும். என் பெயர் எங்கே என்று எவரும் போய் ஒலிபெருக்கிக்காரரைக் கேட்பதில்லை. வேலை நடந்தால் சரி, பெயர் வீட்டுக்காரருடையது. ஓப்பன் சோர்ஸிலும் நாங்கள் உபயம்தான் நடத்திக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

எங்களுக்குச் சேவையகம் தந்து வைத்திருந்தது வெளிநாட்டிலுள்ள ஒரு தொண்டர் அமைப்பு. எங்களைப் போன்ற சின்னத் திட்டங்கள் பலவற்றுக்கு அது இடம் கொடுத்திருந்தது. இந்த வருஷம் அவர்களிடமிருந்து மிக மரியாதையான ஒரு மின்னஞ்சல் வந்தது. இடம் போதவில்லை, புதிதாக வருகிறவர்கள் காத்திருக்கிறார்கள், ஆகவே ஒவ்வொரு திட்டமும் எப்படி இருக்கிறதென்று ஒரு அனலிடிக்ஸ் கருவியை வைத்துப் பார்க்கப்போகிறோம், ஒரே ஆளில் நெடுநாள் தங்கியிருக்கும் திட்டங்களை அனுப்பிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று எழுதியிருந்தார்கள். கூட்டத்துக்கு முன் நீங்களே ஒரு ஏஐ உதவியாளரை அந்தக் கருவியோடு இணைத்து, உங்கள் திட்டத்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் ஒரு வரி.

அனுப்பிவைப்பது என்றால் சேவையகம் நிற்கும். சேவையகம் நின்றால் விடியற்காலைக் குரலும் நிற்கும். எங்கள் செயலிக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனாலும் எனக்கு அப்போது பயம் வரவில்லை. நாங்கள் நாலு பேர், எங்களுக்கு என்ன வந்தது என்றுதான் நினைத்தேன்.

உதவியாளரைக் கருவியோடு கொழுவ ஒரு முழுக் காலைப்பொழுது போனது. விஷயம் சிக்கலில்லை. அனலிடிக்ஸ் கருவி என்பது ஒரு திட்டத்தில் ஆர் எப்போது எதை மாற்றினார், ஆர் கேள்வி கேட்டார், எவ்வளவு கெதியாகப் பதில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் பார்த்துக் கணக்கும் படமும் போட்டு வைத்திருப்பது. அதற்குப் பேசத் தெரியாது. உதவியாளருக்கு நன்றாகப் பேசத் தெரியும், ஆனால் எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இணைப்பு நிரலை நிறுத்திவிட்டால், நாங்கள் கேட்பதை அது கொண்டுபோய்க் கருவியிடம் கேட்டுப் பதிலைக் கொண்டுவந்து உதவியாளரிடம் கொடுக்கும்.

கருவியின் முகவரியைக் கொடுத்தேன், உள்ளே போவதற்கான திறப்பைக் கொடுத்தேன், எங்கள் திட்டம் எப்படி இருக்கிறது என்று தமிழில் கேட்டேன். செய்தி வாசிக்கிறவரின் தமிழில் அருமையான பதில் வந்தது. பல நாடுகளைச் சேர்ந்த தன்னார்வலர்கள் உற்சாகத்தோடு பங்களிக்கும் துடிப்பான திட்டமாம். எனக்குக் காற்றில் மிதப்பது போல இருந்தது. எந்த நாட்டுக்காரர் என்று பெருமையோடு யோசித்துப் பார்த்தபோதுதான் மூளை வேலை செய்தது. முகவரியில் ஒரு எழுத்தை நான் விட்டிருந்தேன். இணைப்பு கருவிவரை போகவே இல்லை. உதவியாளர் ஐயா கையிலிருந்த கற்பனையை எடுத்துப் பரிமாறியிருக்கிறார்.

கணவரிடம் சொன்னேன். மூடியைத் திறந்து பாராமலே இஞ்சினுக்கு இன்ன வருத்தம் என்று சொல்லுகிற ஆட்கள் தன்னிடமும் வருவார்கள் என்று சொல்லிவிட்டு அவர் தேத்தண்ணியைக் குடித்தார்.

முகவரியைத் திருத்தினேன். கருவியைக் கேட்காமல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது, எதைக் கேட்டாய் என்பதையும் எனக்குக் காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். இந்த முறை அது ஒவ்வொன்றாகப் போய்க் கேட்பது திரையில் தெரிந்தது. கேட்டு முடித்துவிட்டுச் சொன்ன வாக்கியம்தான் மேலே முதலில் எழுதியது. அதோடு நிற்கவில்லை. அந்த ஒரு ஆள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து பின்னேரம் வரை ஓய்வே இல்லாமல் உழைப்பதாகவும், அவர் களைத்துப்போகும் ஆபத்து இருப்பதாகவும், வாரத்தில் ஒரு நாளாவது இளைப்பாறும்படி அவருக்கு எடுத்துச் சொல்வது நல்லதென்றும் சொன்னது.

நான் கத்திய சத்தத்துக்குக் கணவர் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். திரையைக் குனிந்து வாசித்தார்.

"பாவம், அது உம்மில இரக்கப்படுது. அதோட ஏன் சண்டை பிடிக்கிறீர்?"

நான் சண்டைதான் பிடித்தேன். அது நான் இல்லை, நாங்கள் நாலு பேர் என்று எழுதினேன். எல்லா மாற்றங்களும் ஒரே பெயரில் பதிவாகியுள்ளன, வேறு எவருடைய பெயரும் தரவில் இல்லை என்று அது பணிவாகப் பதில் சொன்னது. அந்தப் பணிவு எனக்கு இன்னும் எரிச்சலை ஏற்றியது. ஆனால் அது சொன்னதில் பிழை இல்லை என்பது உள்ளுக்குள் தெரிந்தது. அமைப்புக்காரர்களும் இதையேதான் பார்க்கப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நித்திரை கொள்ளாத, சாப்பிடாத ஒரு பைத்தியக்காரியும் அவளுடைய செயலியும். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பிறகு எனக்குள் இருக்கிற சோதனைக்காரி எழும்பினாள். ஒரு கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றிப் போடுவது எங்கள் தொழில் பழக்கம். ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒரு சின்னக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்பது இந்த வேலையில் விதி. என்ன மாற்றினோம் என்று இரண்டு சொல்லில் எழுதினால் போதும். எங்கள் ஆட்கள் அந்த விதியைத் தங்கள் வசதிப்படி நடத்திவந்தார்கள். எண்களை விடு, குறிப்புகளை எடுத்து வாசி, இது ஒரு ஆள் எழுதியதா சொல் என்றேன்.

கொஞ்ச நேரம் எடுத்தது. பதில் வந்தது. குறிப்புகள் நாலு விதமாக எழுதப்பட்டிருப்பதாகத் தெரிகிறதாம். ஒரு விதத்தில் அடுப்பில் ஏதோ ஒன்று எப்போதும் இருக்கிறது. ஒரு விதம் இறைவனுக்கு நன்றி சொல்லித் தொடங்கி முழு வாக்கியங்களாகப் போகிறது. ஒரு விதம் "சரி" என்ற ஒரே சொல். இன்னொரு விதம் பெரும்பாலும் கோபமாக இருக்கிறது. எழுதும் விதத்தை மட்டும் வைத்து ஆள் ஆரென்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, அதைத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும் என்று முடித்திருந்தது.

முதலில் கற்பனையைப் பரிமாறிய அதே ஆள்தான் இப்படித் தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கே சொன்னது. எனக்கு அதன்மேல் ஒரு பட்சம் வந்துவிட்டது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஆறுதலாக வாசித்துவிட்டு, இதில் கோபமாக எழுதுகிற ஆள் ஆராக இருக்கும் என்று என்னிடமே கேட்டார்.

அனலிடிக்ஸ் கருவியில் ஒரு வசதி இருந்தது. இந்த வேலையை இன்னாரும் செய்தார் என்று திட்டத்தின் இணையப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவைத்தால், கணக்கிலும் அதைச் சேர்த்துக்கொள்ளும். வந்த ஞாயிறு விஷயத்தை எல்லோருக்கும் சொன்னேன். நானா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். குரல் நிற்கும் என்றதும் நிமிர்ந்து, விடியற்காலையில் தம்பிமார் தன்னையல்லவா எழுப்பிக் காற்றுக் கேட்பார்கள் என்றார். மச்சாள் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றாள்.

"என்ர பேர் வெளியில போகவேணும் எண்டு நான் கேக்கேல்லையே மச்சாள்."

"பேருக்காக இல்லை. நாலு பேர் இருக்கிறம் எண்டு தெரிஞ்சால்தான் விட்டு வைப்பினம்."

அவள் யோசித்தாள். "அப்பிடியெண்டால் எல்லாத்தையும் போடுங்கோ. குறைச்சுப் போடப்படாது."

அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அந்த முன்னறையில் இருக்கும். உதவியாளர் பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தர, நான் உரத்து வாசித்தேன். உரியவர் கையைத் தூக்க வேண்டும், மற்ற இரண்டு பேராவது ஓமென்று சொல்ல வேண்டும் என்பது நாங்களே போட்ட சட்டம். "கணவாய் அடுப்பில. காற்றுத் திசை மாறிக் காட்டினது சரி. மிச்சம் சாப்பிட்ட பிறகு." இதற்கு விசாரணை தேவைப்படவில்லை. "அல்ஹம்துலில்லாஹ், வெருகல் முகத்துவாரம் இப்பொழுது உரிய இடத்தில் உள்ளது." அதற்கும் இல்லை. "இதை எத்தனை தரம் சொல்வது" என்று வந்தபோது மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஒரு "சரி"க்கு மட்டும் வழக்கு நடந்தது. கணவர் தன்னுடையது என்றார். அது வரைபடத் திருத்தம், மழையில் நனைந்து வந்து குளிரில் ஒரு சொல்லோடு விட்டது என்றார் நானா. அன்றைக்குத் தலை துடைக்கத் துவாய் எடுத்துக் கொடுத்தது தான்தான் என்று மச்சாள் சாட்சி சொன்னதும் கணவர் விட்டுக்கொடுத்தார். ஒருவருக்கும் நினைவில்லாத குறிப்புகளும் கொஞ்சம் இருந்தன. உறுதியில்லாததை மாற்றாமல் விடுவது நேர்மையாக இருக்கும் என்று உதவியாளர் எழுதியது. அப்படியே விட்டோம். நடுவில் சூரைமீன் குழம்பும் சொதியும் முருங்கைக்கீரைச் சுண்டலும் வைத்துச் சாப்பிட்டோம். அதைப் பற்றி எவரும் அன்றைக்குக் குறிப்பு எழுதவில்லை.

கூட்டம் ஒரு வேலைநாள் பின்னேரம் கணினியில் நடந்தது. கணவர் கொட்டகையைப் பூட்டினார். நானா அரைநாள் லீவு எடுத்து வந்தார். மச்சாள் வெறுங்கையோடு வரமாட்டாள், கணவாய் கொண்டுவந்து குசினியில் வைத்துவிட்டு வந்தாள். அமைப்பின் சார்பில் மூன்று பேர் திரையில் இருந்தார்கள். தலைமை தாங்கிய, கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண்மணி வணக்கம் சொல்லிவிட்டு முதலில் கேட்டதே, இன்றைக்கும் நான் தனியாகத்தான் வந்திருக்கிறேனா என்று.

திரையைப் பார்த்தேன். எங்கள் பெட்டியில் என் பெயர். பெட்டிக்குள் என் முகம் மட்டும். மற்ற மூன்று பேரும் வந்தவர்களுக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று கமராவில் விழாமல் அலுமாரிப் பக்கம் ஒதுங்கி நிற்கிறார்கள். இவ்வளவு பாடும் பட்ட பிறகு அங்கேயும் ஒரே ஆள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கணவரின் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் பின்னால் நானா, நானாவுக்குப் பக்கத்தில் மச்சாள். ஒரு பெட்டிக்குள் நாலு தலை முட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து அந்தப் பக்கத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள்.

ஆனால் அந்தப் பெண்மணி தன் வேலையை விடவில்லை. போன கிழமை வரை ஒரு ஆள், இந்தக் கிழமை நாலு ஆள், இதை எப்படி நம்புவது என்று நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, அது கணவருக்கே ஆச்சரியம். உதவியாளரை அவர்கள் முன்னாலேயே திறந்தேன். எந்தக் குறிப்பு ஆருடையது என்று எப்படிப் பிரித்தோம், எதை உறுதியில்லாமல் விட்டோம் என்று சொல்லச் சொன்னேன். அது பழைய குறிப்புகளைத் தேதியோடு எடுத்து, கணவாய் என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டு, அவர்களுக்கு விளங்கும் மொழியில் ஒவ்வொன்றாகப் போட்டது. அடுப்பு, நன்றி, சரி, கோபம். மறுபடியும் அடுப்பு. அந்தப் பெண்மணி வாசித்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் சிரிப்புத் தாங்காமல் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இத்தனை தரம் அடுப்பில் ஏறுகிற இந்தக் கணவாய் என்பது என்ன என்று கேட்டார்.

நான் ஆங்கிலத்தில் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மச்சாள் குசினிக்குப் போய்விட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட ஒரு கணவாயைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் பிடித்தாள்.

அவர்கள் தங்களுக்குள் கதைக்க வேண்டும் என்று சத்தத்தை நிறுத்தினார்கள். மூன்று வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. ஒருவர் தலையை இல்லையென்று ஆட்டினார். சிரித்த சிரிப்பெல்லாம் எங்களுக்கு அப்படியே வற்றிப்போனது. மச்சாள் கணவாய்க் கையோடேயே என் கையைப் பிடித்தாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். நாளைக்கு விடிய அவளுடைய புருஷன் படகைத் தள்ளும்போது கைத்தொலைபேசி என்ன சொல்லும், அல்லது ஒன்றுமே சொல்லாதோ. நானாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

சத்தம் திரும்ப வந்தது. வைத்துக்கொள்கிறோம் என்றார் அந்தப் பெண்மணி. அடுத்த வருஷமும் இடம் உண்டு, இனிமேலாவது அவரவர் பெயரில் வேலையைப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நாங்கள் நன்றி சொன்ன விதம் அவருக்கு விளங்கியிருக்காது, நாலு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். திரை மூடியதும் கணவர் நானாவைக் கட்டிப் பிடித்தார். நான் மச்சாளைக் கட்டிப் பிடித்தேன். என் சட்டையெல்லாம் மீன்மணம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. உதவியாளரிடம் பழைய கேள்வியை மறுபடி கேட்டு, அது தன் வாக்கியத்தைத் திருப்பி எடுப்பதை எல்லோருக்கும் முன்னால் வாசிக்க வேண்டும். எங்கள் திட்டம் இன்னமும் ஒரு ஆளில்தான் நிற்கிறதா என்று கேட்டேன். அது போய்க் கருவியிடம் கேட்டுக்கொண்டு வந்தது. நான் உரத்து வாசித்தேன். இப்போது திட்டத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட வேலை ஒருவருடையது, அவர் விலகினால் திட்டம் பெரிதும் பாதிக்கப்படும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இல்லையில்லை, எல்லோரும் சேர்ந்து செய்ததுதானே என்று அடக்கமாகச் சொல்வதற்கு முகத்தைத் தயார்படுத்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். அங்கே மச்சாளின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே நானா. நான் மூன்றாவது. எனக்குப் பின்னால் இருந்தது "சரி" மட்டும்தான்.

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு நொடி சுருக்கென்றது, இல்லையென்று சொல்லமாட்டேன். அடுத்த நொடியே மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். குழம்பு கொதிக்கிற நேரத்திலும் சோறு வடிகிற நேரத்திலும் வந்து போனவள், கருவி போட்ட படத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் நீண்டு நின்ற அந்தக் கோட்டை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்துக்காக நான் நாலாவதாகவும் இருந்திருப்பேன்.

"அப்ப நான் வராட்டி இது நிண்டிடுமோ?" என்று கேட்டாள்.

"ஓம். அப்பிடித்தான் சொல்லுது."

அவள் கையைத் துடைத்தாள். துடைத்த துணியை என் தோளில் போட்டாள். கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "இனி ஞாயிற்றுக்கிழமையில நான் சமைக்கிறேல்ல. மீன் கொண்டு வருவன். நீங்கள் வெட்டுங்கோ."

நான் குசினிக்குள் போனேன். வேறு என்ன செய்வது. கணவாயைக் கழுவி, தோலுரித்து, வட்டம் வட்டமாக வெட்டி, தேங்காய்ப்பால் பிழிந்து, எனக்குத் தெரிந்த அளவுக்குக் கூட்டி வைத்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதிலாக, முன்னறையில் கீபோர்ட் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன்.

முதன்முதலாக அவளுடைய சொந்தப் பெயரில் வெளியே போன மாற்றத்தின் குறிப்பு, எவரும் பார்க்கலாம், இப்போதும் அங்கே கிடக்கிறது: "மச்சாள் அடுப்படியில. கருகின மணம் வருது. சல்லியில அலை உயரம் சரி."